கப்பல் சரக்கு இறக்கும் எந்திரத்தின் சீல் செய்த ஷாஃப்ட் மலைத் தேயிலை ஃபேக்டரிக்குச் சரிப்படுமா?

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் மெயின்டெனன்ஸ் பார்க்கும் தம்பி கேட்டிருக்கிறார். இலை ஏற்றும் கன்வேயரின் டிரைவில் அவர்களுக்கு, கோணத்தில் மடங்கியும் சுற்றக்கூடிய ஒரு யுனிவர்சல் ஜாயின்ட் ஷாஃப்ட் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை வந்தால் அதன் மூட்டில் கூட்டல் குறி வடிவில் இருக்கும் கிராஸின் பேரிங் போய்விடுகிறது. இலையை நசுக்கும் ரோட்டர்வேன் எந்திரத்தின் ஆயில் சீலும் அப்படித்தான். துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும் எந்திரங்களுக்கு முழுவதும் சீல் செய்த, கிரீஸே அடிக்க வேண்டாத ஹெவி டியூட்டி ஷாஃப்ட் வருகிறதாமே, அதை வாங்கிப் போட்டால் தொல்லை தீருமா என்பது கேள்வி. முதலாளி விலை விசாரிக்கச் சொல்லியிருக்கிறாராம்.

தம்பி, முதலாளி காத்திருப்பார் என்பதால் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த ஷாஃப்டை வாங்க வேண்டாம். உங்கள் கன்வேயருக்கு அது பல மடங்கு பெரியது. அதைவிட முக்கியமான விஷயம், அங்கே ஷாஃப்ட் கெடுவதற்கான காரணம் வேறு, உங்களுடையது வேறு. ஆனால் துறைமுகத்தில் சீலை எப்படி யோசித்துப் போடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டால், கோயம்புத்தூரில் கிடைக்கும் சாமான்களை வைத்தே இதைப் பெருமளவு சரிசெய்யலாம். வேலைக்காலம் முழுவதும் கப்பல் சரக்கு இறக்கும் எந்திரங்களின் பராமரிப்பில் இருந்துவிட்டு இப்போது குன்னூரில் இருக்கிறேன். இங்கே தெரிந்தவர்களின் ஃபேக்டரிகளுக்குப் போய்ப் பார்த்துச் சொல்வதும் உண்டு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

மூட்டை கட்டாமல் கப்பலின் அறைக்குள் அப்படியே கொட்டி வரும் சரக்குகள் நிறைய. நிலக்கரி, ராக் பாஸ்பேட், யூரியா, பொட்டாஷ், ஜிப்சம், கோதுமை என்று பட்டியல் நீளும். உங்கள் தோட்டத்துக்குப் போடும் பொட்டாஷையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு நம் நாடு வெளிநாட்டைத்தான் நம்பியிருக்கிறது. கனடா, ரஷ்யா, பெலாரஸ், ஜோர்டான் போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் தூளாக வந்து, துறைமுகத்தில் இறங்கி, மூட்டையாகி, கடைசியில் குஞ்சப்பனை வழியாக லாரியில் உங்கள் ஊருக்கு ஏறி வருகிறது.

இறக்கும் எந்திரங்களில் சில வகைகள் உண்டு. கிராப் போட்டு அள்ளுவது பழைய வகை, இன்றும் பரவலாக இருப்பது. சங்கிலியில் வரிசையாகத் தொட்டிகளைக் கோத்து நிறுத்தாமல் வாருவது ஒன்று. செங்குத்தான குழாய்க்குள் பெரிய திருகு சுழன்று சரக்கை மேலே தள்ளுவது இன்னொன்று. இந்த வகையில் குழாயின் அடியில் எதிர்ப்பக்கமாகச் சுற்றும் ஓர் அமைப்பு, சரக்கைத் திருகுக்குள் ஊட்டிக்கொண்டே இருக்கும். திருகு நீளமானது என்பதால் அது ஆடாமல் பிடிக்க நடுநடுவே பேரிங்குகள் வேண்டும். அந்தப் பேரிங்குகள் சரக்கு ஓடும் பாதைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும், அதாவது நிலக்கரிக்கு நடுவில். சீல் என்ற விஷயத்தை ஏன் அங்கே அவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பது இதிலிருந்தே புரியும்.

எந்த வகையானாலும் மோட்டார் ஓரிடத்தில் இருக்கும், சுற்ற வேண்டியது இன்னோரிடத்தில் இருக்கும். இடையிலுள்ள இரும்புச் சட்டகம் பாரம் ஏறினால் வளையும், வெயிலில் நீளும், காற்றில் ஆடும். கப்பலும் ஒரே உயரத்தில் நிற்காது. எழுபதாயிரம் டன் ஏற்றி வந்த கப்பல், சரக்கு இறங்க இறங்கப் பல மீட்டர் மேலே எழும்பிவிடும். எந்திரத்தின் கை அதோடு கூடவே போக வேண்டும். வாரும் தொட்டி கப்பலின் அடித்தளத்தில் ஒரு தடவை இடித்தால் அந்த அதிர்ச்சி டிரைவ் வரை வரும். ஆகவே இரண்டு முனையும் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டாலும் சுற்றக்கூடிய ஷாஃப்ட் பல இடங்களில் தேவைப்படுகிறது. இரண்டு பக்கமும் யுனிவர்சல் ஜாயின்ட், நடுவில் பல் பள்ளங்களில் வழுக்கி நீண்டு சுருங்கும் ஸ்பிளைன். உங்கள் ஜீப்புக்கு அடியில் சுற்றும் புரொப்பெல்லர் ஷாஃப்டும் இதே குடும்பம்தான்.

அளவில்தான் பெரிய வித்தியாசம். கணக்கு சுலபம்: கிலோவாட்டை 9550-ஆல் பெருக்கி நிமிடச் சுற்றால் வகுத்தால் முறுக்கு விசை நியூட்டன் மீட்டரில் கிடைக்கும். 110 கிலோவாட் மோட்டார் 1480 சுற்றில் தருவது சுமார் 710 நியூட்டன் மீட்டர். அதே மோட்டாரை 40-க்கு 1 கியர்பாக்ஸ் வழியாக 37 சுற்றாக்கினால் 28,000-ஐத் தாண்டுகிறது. உங்கள் கன்வேயர் மோட்டார் 5.5 கிலோவாட், கடைசி வேகம் 60 சுற்று என்று வைத்துக்கொண்டால் வருவது 875. முப்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். பெரிதாகப் போட்டால் கெடாது என்று நினைப்பார்கள், அதுவும் சரியில்லை. அந்த ஷாஃப்டின் எடை முழுவதும் உங்கள் சின்ன கியர் மோட்டாரின் வெளிமுனைப் பேரிங்கில் தொங்கும். இந்த வருடம் கிராஸ் தப்பித்தால் அடுத்த வருடம் கியர் மோட்டார் போகும்.

சரி, சீலுக்கு வருவோம். முக்கியமான விஷயம் இதுதான்.

கிராஸின் நான்கு கால்களிலும் மாட்டிய கப்புகளுக்குள் ஊசி உருளைகள் இருக்கின்றன அல்லவா, அவற்றுக்கும் கிராஸின் காலுக்கும் நடுவே இருக்கும் கிரீஸ் படலம் ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுக்குக்கூட வருவது அபூர்வம். உள்ளே போகும் தூசித் துகள் பத்து, இருபது மைக்ரான் இருக்கும். படலத்தைவிடத் துகள் பெரியது என்றால் இரும்பும் துகளும் நேருக்கு நேர் உரசும். எந்தத் துகள் என்பதைப் பொறுத்துத்தான் விளைவு. நிலக்கரி மிருதுவானது, ஆனால் நம் நாட்டு நிலக்கரியில் முப்பது நாற்பது சதவீதம் சாம்பல், அந்தச் சாம்பலில் குவார்ட்ஸ் என்ற மணல் தாது. மோஸ் அளவில் குவார்ட்ஸின் கடினம் 7, கடினப்படுத்திய பேரிங் எஃகையே கீறிவிடும். இரும்புத் தாது 5.5-க்கும் 6.5-க்கும் இடையில். இவை அரைக்கிற சரக்குகள்.

பொட்டாஷின் கடினம் 2 அளவுதான், நகத்தாலேயே கீறலாம். அது அரைப்பதில்லை, அரிக்கிறது. குளோரைடு உப்பு என்பதால் கொஞ்சம் ஈரம் சேர்ந்தால் போதும், உருளைகளின் மேல் புள்ளி புள்ளியாகக் குழி விழும். யூரியா இன்னும் மோசம். காற்றின் ஈரப்பதம் 70, 75 சதவீதத்தைத் தாண்டினாலே காற்றிலிருந்து தண்ணீரை இழுத்து நசநசத்துவிடும், கடற்கரையில் அது அன்றாட நிலைமை. கோதுமையில் கவலை வேறு. மிதக்கும் தானியத் தூசி தீப்பிடித்தால் வெடிக்கும், சூடேறிய ஒரு பேரிங் அதற்குப் போதும். அங்கே சீலோடு பேரிங்கின் வெப்பத்தைப் பார்க்கும் சென்சாரும் அவசியம். ஒரே எந்திரம் இந்த மாதம் நிலக்கரி, அடுத்த மாதம் உரம் என்று மாற்றி மாற்றி இறக்கும். அப்போதுதான் தொல்லை அதிகம்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். நிலக்கரி இறக்கிக்கொண்டிருந்த எந்திரத்தைப் பொட்டாஷுக்கு மாற்றினார்கள். சரக்கில் கரி கலக்கக்கூடாது என்பதால் எந்திரம் முழுவதையும் உயர் அழுத்தத் தண்ணீர் ஜெட் வைத்துக் கழுவினார்கள். நல்ல ஷாஃப்ட்கள், நல்ல சீல்கள். அடுத்த சில வாரங்களில் ஒன்றன்பின் ஒன்றாகக் கிராஸ்கள் சத்தம் போட ஆரம்பித்தன. கழற்றிப் பார்த்தபோது கப்புக்குள் கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்மண் நிறத்தில் ஒரு பசை. விரலால் தேய்த்தால் மணல் மாதிரி நெருடியது. ஊசிகள் சில துருவில் ஒட்டிக்கொண்டு திரும்பவே இல்லை. கிராஸின் காலைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தால் ஊசி அளவுக்கே வரிவரியாகப் பள்ளம். தூசியை வருடக்கணக்கில் தடுத்த அதே சீல், கையெட்டும் தூரத்திலிருந்து அடித்த ஜெட்டுக்குத் தன் ரப்பர் விளிம்பான உதட்டைத் திறந்து வழிவிட்டிருக்கிறது. உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழியில்லை. சீல் போட்டதால்தான் அந்தத் தண்ணீர் உள்ளேயே தங்கியது. அதன் பிறகு கழுவும் ஆட்களிடம் ஷாஃப்ட் பக்கம் ஜெட் போகக்கூடாது என்று சொல்லி, கழுவி முடித்த கையோடு கிரீஸ் ஏற்றும் பழக்கத்தைக் கொண்டுவந்தோம். தொல்லை அடங்கியது.

சீலின் உறுதியை ஐ.பி. என்ற எண்ணால் சொல்வார்கள். முதல் இலக்கம் 6 என்றால் தூசி புகாது. இரண்டாவது இலக்கம் 5 என்றால் சாதாரணத் தண்ணீர் பீய்ச்சலைத் தாங்கும், 6 என்றால் பலமான பீய்ச்சல், 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். மோட்டாருக்கும் சுவிட்சுப் பெட்டிக்கும் இது சரியான அளவுகோல். சுற்றிக்கொண்டும் கோணத்தில் ஆடிக்கொண்டும் இருக்கும் ஜாயின்டுக்கு இதை மட்டும் நம்பக்கூடாது. கேட்டலாக்கில் அந்த எண்ணைப் பார்த்து வாங்குகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

கனரக சீல் ஒன்றை வெட்டிப் பார்த்தால் பல அடுக்கு தெரியும். எல்லாவற்றுக்கும் வெளியே ஒரு உலோக மூடி, கல்லும் கட்டியும் நேராக அடிக்காமல் இருக்க. அடுத்து, ஒன்றையொன்று தொடாமல் வளைந்து வளைந்து போகும் இடுக்கு, லாபிரிந்த் என்பார்கள். அந்த இடுக்கு முழுவதும் கிரீஸ். அதற்குப் பிறகுதான் ரப்பர் உதடு, பெரும்பாலும் நைட்ரைல். 100 டிகிரிக்கு மேல் போகும் இடமாக இருந்தால் வைட்டான். மினசோட்டாவில் டாக்கனைட் என்ற இரும்புத் தாது வெட்டும் சுரங்கங்களின் பெயரிலேயே டாக்கனைட் சீல் என்று ஒரு வகை உண்டு. லாபிரிந்தும் உதடும் சேர்ந்தது, கூடவே தனியாகக் கிரீஸ் ஏற்ற ஒரு நிப்பிள். அந்த நிப்பிள் பேரிங்குக்கு அல்ல, சீலுக்கு. புதுக் கிரீஸை ஏற்றினால் அழுக்கான பழைய கிரீஸ் இடுக்கு வழியாக வெளியே தள்ளப்படும். சரக்குத் தூசி உள்ளே வரப் பார்க்கும், கிரீஸ் வெளியே போய்க்கொண்டிருக்கும். மோசமான சூழலில் உண்மையில் சீலாக வேலை செய்வது அந்தக் கிரீஸ்தான். ரப்பர் அதற்குத் துணை.

இதிலிருந்து நேராக உங்களுக்கு உதவும் ஒரு விஷயம் வருகிறது. ஆயில் சீலை எந்தப் பக்கம் பார்த்துப் போடுவது? நம் பட்டறைகளில் எல்லோரும் ஸ்பிரிங் இருக்கும் முக்கிய உதட்டை உள்பக்கம் பார்த்துத்தான் அடிப்பார்கள். உள்ளே எண்ணெய் இருக்கிறது, அது ஒழுகக்கூடாது என்றால் அதுதான் சரி. உள்ளே இருப்பது கிரீஸ், வெளியே இருப்பது தண்ணீரும் தூசியும் என்றால் உதட்டை வெளிப்பக்கம் பார்த்துப் போட வேண்டும். அப்போது வெளியிலிருந்து வரும் எதுவும் உதட்டை ஷாஃப்டோடு இன்னும் அழுத்தும். உள்ளிருந்து கிரீஸ் அழுத்தம் வந்தால் உதடு கொஞ்சம் தூக்கி வழிவிடும். கிரீஸ் கன்னை அமுக்கும்போது சீல் பிதுங்கி வெளியே வந்துவிடும் தொல்லையும் இருக்காது. இரண்டையும் தடுக்க வேண்டிய இடத்தில் இரண்டு சீலை முதுகோடு முதுகு சேர்த்துப் போட்டு, நடுவில் கிரீஸை நிரப்புங்கள்.

போடுவதற்கு முன் ஷாஃப்டைப் பாருங்கள். பழைய உதடு ஓடிய இடத்தில் நகத்தைக் குறுக்கே இழுத்தால் தட்டுகிறதா? தட்டினால் எவ்வளவு நல்ல சீல் போட்டாலும் அது ஒழுகும். ஷாஃப்டை மாற்ற வேண்டியதில்லை. கால் மில்லிமீட்டர் அளவு தடிமனில் மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் கிடைக்கிறது, பள்ளத்தின் மேல் ஏற்றிவிட்டு அதே அளவு சீலைப் போடலாம். அது கிடைக்காவிட்டால் சீலை இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைத்தால் உதடு புது இடத்தில் ஓடும். சாவிப் பள்ளத்தைத் தாண்டிச் சீலை ஏற்றும்போது பள்ளத்தின் மேல் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். கூரான விளிம்பில் உதடு கிழிந்தால் வெளியே தெரியாது, முதல் மழையில்தான் தெரியும்.

அடுத்தது மூச்சு. மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் குன்னூர் வருவதற்குள் உப்பிப்போவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஏற்றத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைகிறது. மூடிய கியர்பாக்ஸுக்குள்ளும் இதே அளவு மாற்றம் தினமும் நடக்கிறது. 30 டிகிரியில் ஓட ஆரம்பித்து 80 டிகிரி வரை சூடானால் உள்ளே இருக்கும் காற்று ஆறில் ஒரு பங்கு விரியப் பார்க்கும், உதட்டின் வழியாகக் கொஞ்சம் வெளியேறும். நிறுத்தினால் குளிரும், சுருங்கும், வெளியேறிய அளவுக்கு வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். எந்த வழியாக? அதே உதட்டின் வழியாக. அந்த நேரத்தில் உதட்டின் மேல் ஈரமும் தூசியும் இருந்தால் அவையும் உள்ளே போகும். துறைமுகத்தில் இதற்காகக் கியர்பாக்ஸ்களுக்கு ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட காற்று வழி, அதாவது பிரீதர் வைப்பார்கள். ஜெல்லின் நிறம் மாறினால் மாற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை. கிராஸ் பேரிங்குக்குப் பிரீதர் கிடையாது. அதற்குள் கிரீஸ் முழுவதும் நிரம்பி இருந்தால் சுருங்கி இழுக்கக் காற்றே இருக்காது. பாதி காலியான கப்புதான் தண்ணீரை இழுக்கும்.

இனி, கிரீஸே அடிக்க வேண்டாத ஷாஃப்ட் என்கிறார்களே, அது. அதில் நிப்பிளே இருக்காது, கம்பெனியில் நிரப்பிய கிரீஸோடு சீல் செய்து அனுப்புவார்கள். பொய் இல்லை, நல்ல பொருள்தான். ஆயுளுக்கும் போதும் என்று எழுதியிருப்பார்கள். அந்த ஆயுள், குறிப்பிட்ட பாரம், கோணம், வேகத்துக்குக் கணக்கிட்ட ஆயுள். உருளைப் பேரிங்கில் பாரம் இரண்டு மடங்கானால் ஆயுள் பத்தில் ஒரு பங்காகிவிடும். கையெட்டாத உயரத்தில், எந்திரத்தை நிறுத்தினால் கப்பலுக்குக் காத்திருப்புக் கட்டணம் ஏறும் இடத்தில், ஒரு நிப்பிளுக்காக ஆள் ஏற முடியாது. அங்கே அந்த ஷாஃப்டின் விலைக்கு நியாயம் இருக்கிறது. உங்கள் ஷாஃப்ட் இடுப்பு உயரத்தில் இருக்கிறது, ஷிஃப்ட் முடிந்ததும் நிற்கிறது. கிரீஸ் ஏற்றிப் பழைய அழுக்கை வெளியே தள்ள முடியும் என்ற வசதியை விட்டுவிட்டு, ஒரு தடவை தண்ணீர் உள்ளே போனால் தூக்கிப்போட வேண்டிய பொருளை எதற்கு வாங்க வேண்டும்?

அப்புறம் உங்கள் ஃபேக்டரிக்கு வருகிறேன். அங்கே குவார்ட்ஸ் கிடையாது, உப்புக் காற்று கிடையாது. கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பலம், உங்கள் கிராஸ் போவதும் அந்த மாதங்களில்தான் என்கிறீர்கள். அந்த மாதங்களில் இலையே தண்ணீரோடு வரும், கன்வேயரிலிருந்து சொட்டும். வேலை முடிந்ததும், இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. எந்திரங்களின் பக்கம் முழுவதும் ஹோஸ் போட்டுக் கழுவுவீர்கள், சுத்தத்துக்காக அது அவசியம். ஓடிச் சூடான ஷாஃப்டின் மேல் மலைக் குளிரில் கிடந்த தண்ணீர் விழுகிறது. உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்குகிறது, உதட்டின் மேல் நிற்கும் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. இரவு முழுவதும் மஞ்சு. காலையில் முதல் ஆளாக வந்து கிரீஸ் அடிக்கிறார்கள் என்றால் பத்து மணி நேரம் தண்ணீர் உள்ளே ஊறியாகிவிட்டது. இதுதான் நடக்கிறது என்று உங்கள் ஃபேக்டரியைப் பார்க்காமலே பந்தயம் கட்டத் தயார், ஏனென்றால் இங்கே நான் போய்ப் பார்த்த இடங்களில் கிரீஸ் அடிக்கும் வேலை எப்போதும் காலையில்தான் இருந்தது.

அதைக் கழுவிய பிறகு என்று மாற்றுங்கள். மாற்றத்தில் முக்கால் பங்கு பலன் இதிலேயே வரும் என்று நம்புகிறேன். கழுவும்போது ஷாஃப்டின் மேல் ஒரு தகர மூடி இருக்கட்டும், கீழ்ப்பக்கம் திறந்து, தண்ணீர் தேங்காமல். கழுவி முடித்ததும் நிப்பிளைத் துணியால் துடையுங்கள். துடைக்காமல் கன்னை வைத்தால் நிப்பிளின் தலையில் ஒட்டியிருக்கும் அழுக்கை நீங்களே உள்ளே ஊசி போட்ட மாதிரி ஆகும். கிராஸின் நான்கு கப்புகளிலிருந்தும் புதுக் கிரீஸ் பிதுங்கி வரும்வரை மெதுவாக அமுக்குங்கள். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் போதும் என்று விட்டுவிடக் கூடாது, வராத அந்தக் கப்புதான் முதலில் போகும். ஷாஃப்டைக் கொஞ்சம் ஆட்டிவிட்டு, அந்தப் பக்கத்துப் பாரத்தைத் தளர்த்தி மறுபடி ஏற்றுங்கள். பிறகு பாரமில்லாமல் சில நிமிடம் ஓட விடுங்கள், கிரீஸ் உள்ளே பரவட்டும். ஸ்பிளைனுக்குத் தனி நிப்பிள் இருந்தால் அதையும் மறக்க வேண்டாம். ஸ்பிளைன் இறுகினால் நீளச் சுருக்கம் எல்லாம் பேரிங்கைப் பக்கவாட்டில் தள்ளும்.

கிரீஸில் கால்சியம் சல்ஃபோனேட் காம்ப்ளெக்ஸ், என்.எல்.ஜி.ஐ. 2 தடிமன் கேளுங்கள். தண்ணீரில் அடித்துக்கொண்டு போகாது, துருவையும் தடுக்கும். சாதாரண லித்தியத்தைவிட விலை கூடுதல், ஆனால் உங்களுக்கு ஆகும் அளவு கொஞ்சம்தான். பழைய கிரீஸ் என்ன வகை என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள். பாலியூரியா, களிமண் வகைக் கிரீஸ்களை லித்தியத்தோடு கலந்தால் பெரும்பாலும் இளகி ஓடிவிடும். முடிந்தால் கிராஸைக் கழற்றி, கழுவி, புதிதாக நிரப்புவது நல்லது. ரோட்டர்வேனுக்கும் இலை, தூள் மேல் இருக்கும் எல்லா இடத்துக்கும் உணவுத் தரமான எச்1 கிரீஸ்தான் போட வேண்டும். சீல் தோற்றால் சாறு உள்ளே போவது மட்டுமல்ல, கிரீஸ் தேயிலைக்குள் வரும். அதைக் குடிக்கப் போகிறவர்களை நினைத்து இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

ரோட்டர்வேனைப் பற்றி இன்னும் கொஞ்சம். இலைச் சாறு இரும்பைச் சும்மா விடாது, அதிலுள்ள டானின் வகைப் பொருள்கள் இரும்போடு சேர்ந்து கறுத்துப்போகும். சாறு உலர்ந்தால் பிசின் மாதிரி கெட்டியாகி உதட்டைக் கிழிக்கும். அங்கே இலைப் பக்கம் பார்த்த உதட்டோடு ஒரு சீல், அதற்குப் பிறகு பேரிங்குக்கு முன்னால் விரல் அகலத்துக்கு ஒரு வெற்றிடம், அதன் கீழ்ப்பக்கம் ஒரு ஓட்டை, அதற்கப்புறம் பேரிங்கின் சொந்த சீல் என்று அமைக்கச் சொல்லுங்கள். முதல் சீல் தோற்றால் சாறு அந்த ஓட்டை வழியாகக் கீழே சொட்டும். பேரிங்குக்குப் போகாது, கண்ணுக்கும் தெரியும். கறுப்பாக ஒரு சொட்டைப் பார்த்த அன்றே சீலை மாற்றிவிடலாம். துறைமுகத்தில் எனக்குப் பிடித்த அமைப்பு இதுதான், லேத்தில் ஒரு நாள் வேலை.

கிராஸ் கெடுவதற்குத் தண்ணீர் தவிர இரண்டு காரணங்கள் உண்டு, அவற்றையும் பார்த்துவிடுங்கள். ஒன்று, கோணம். கோணம் அதிகமானால் வேகம் சீராக இருக்காது. ஒரே ஜாயின்டில் 20 டிகிரி கோணம் என்றால், உள்ளே போவது சீரான வேகமாக இருந்தாலும் வெளியே வருவது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை 94 சதவீதத்துக்கும் 106 சதவீதத்துக்கும் இடையே ஆடும். 10 டிகிரியில் இந்த ஆட்டம் ஒன்றரை சதவீதம்தான். இரண்டாவது ஜாயின்ட் இந்த ஆட்டத்தைச் சரிக்கட்ட வேண்டுமானால் இரண்டு பக்கக் கோணமும் சமமாக இருக்க வேண்டும், ஷாஃப்டின் இரண்டு முனையிலும் கிராஸைப் பிடிக்கும் கவை போன்ற யோக்குகளும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். ஸ்பிளைனைக் கழற்றி மாட்டும்போது ஒரு பல் தள்ளிப் போட்டுவிட்டால் இது கெடும். அதற்காகத்தான் இரண்டு பாதியிலும் அம்புக்குறி இருக்கிறது. துருவில் மறைந்திருந்தால் கழற்றுவதற்கு முன் சென்டர் பஞ்ச் வைத்து நீங்களே குறி போடுங்கள். இன்னொன்று எதிர்ப்பக்கம்: கோணமே இல்லாமல் ஒரே நேராக மாட்டுவது. அது நல்லது என்று தோன்றும், ஆனால் ஊசிகள் நகராமல் ஒரே இடத்தில் நின்று குத்திக்கொண்டே இருந்தால் கிராஸின் காலில் வரிப்பள்ளம் விழும். ஒன்று முதல் மூன்று டிகிரியாவது கோணம் இருந்தால் ஊசிகள் முன்னும் பின்னும் உருண்டு கிரீஸைப் பரப்பும்.

ஒரு விஷயம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மலையில் குளிருக்கு மப்ளரும் ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டு ஷாஃப்ட் பக்கம் நிற்கிறார்கள், பார்க்கவே பயமாக இருக்கிறது. யுனிவர்சல் ஜாயின்டின் நீட்டிய போல்ட் தலைக்கு ஒரு நூல் சிக்கினால் போதும். மெதுவாகத்தானே சுற்றுகிறது என்று நினைப்பார்கள். முறுக்கு விசை அதிகமாக இருப்பதே அந்த மெதுவான ஷாஃப்டில்தான், மேலே கணக்கே போட்டோம். கிரீஸ் அடிக்கும்போது மெயினை நிறுத்தி, பூட்டுப் போட்டு, சாவி உங்கள் பையில் இருக்கட்டும். மூடி இல்லாமல் ஒரு நாள்கூட ஓட்டக்கூடாது என்று முதலாளியிடம் நீங்களே சொல்லுங்கள், விலை விசாரித்து வந்த பதிலோடு இதையும்.

முதலாளிக்கு இப்படிச் சொல்லலாம்: இப்போதுள்ள அளவிலேயே நிப்பிள் உள்ள நல்ல கிராஸ், தகர மூடி, கிரீஸ், ரோட்டர்வேனுக்குச் சீல் செட்டும் லேத் கூலியும். துறைமுக ஷாஃப்டுக்குக் கேட்கும் விலையோடு ஒப்பிட்டால் இது சின்னத் தொகை. இரண்டு மழைக்காலம் இப்படி ஓட்டிப் பாருங்கள். அப்படியும் கிராஸ் போனால், கழற்றும்போது நான்கு கப்பையும் எது எந்தப் பக்கம் என்று எழுதித் தனித்தனியாக எடுத்து வையுங்கள், கழுவ வேண்டாம். செம்மண் நிறப் பசை இருந்தால் தண்ணீர் இன்னும் போகிறது. கிரீஸ் நன்றாக இருந்தும் காலில் ஒரே பக்கம் மட்டும் வரி விழுந்திருந்தால் கோணத்தைப் பார்க்க வேண்டும். நீலமாகவோ கறுப்பாகவோ வெந்திருந்தால் கிரீஸ் அந்தக் கப்புக்குப் போகவே இல்லை. படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.